ஒரு துணிக்குப் பதினாறு பக்கம்

கார் கழுவும் இடத்தில் அவளை எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் வார்டு உதவியாளராக இருந்தவள். எழுந்திருக்க முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது அவள் வேலை. புரட்டியும் தூக்கியும் இடுப்பு கெட்டுப்போன பிறகு, இனிமேல் கனம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று அதே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "நான் நர்ஸ் இல்லப்பா" என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

இடம் பெரிதில்லை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கார் நிற்கிற அளவு சிமெண்ட் தரை, நடுவில் கம்பிச் சட்டம் போட்ட வடிகால், சுவரில் சுருட்டி மாட்டிய தண்ணீர்க் குழாய்கள், மூலையில் சூப்பர்வைசரின் மேஜை. கூரைக்கு வெளியே, வெயில் விழும் இடத்தில், கழுவி முடித்த கார்கள் நிற்கும். ஒரு காருக்கு இரண்டு பேர். நுரை போட்டுத் தேய்ப்பவர் சோப்புக் கை, ஈரம் துடைப்பவர் துணிக் கை. முதல் மாதம் அவளுக்கு இரண்டும் இல்லை. கால்மிதிகளைத் தட்டிக் கழுவிக் கம்பியில் தொங்கவிடும் வேலை. கை அதைச் செய்துகொண்டிருக்க, கண் மட்டும் கார்கள் பக்கம் இருந்தது.

சோப்புக் கைக்கு மீசை என்று பேர். முகத்தில் மீசைதான் முதலில் தெரியும், மற்றதெல்லாம் பிறகுதான். முப்பத்தைந்து வயது, நல்ல பலசாலி. அவன் தேய்ப்பதைப் பார்த்தால் காருக்கும் அவனுக்கும் பழைய பகை என்று நினைக்கத் தோன்றும். கையில் ஒரு ஸ்பாஞ்சு, காலடியில் ஒரே ஒரு வாளி. வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். ஸ்பாஞ்சு தரையில் விழுந்தால் எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி தேய்ப்பான்.

அவளால் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "தம்பி, கழுவின அழுக்குத் தண்ணியிலேயே திரும்பத் திரும்ப முக்குறீங்களே."

"அக்கா, இது என்ன காய்ச்சல்ல படுத்திருக்கிற ஆளா? இரும்புக்கா, இரும்பு!" என்று கதவில் தட்டிக் காட்டினான் மீசை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அதே வாரம் சூப்பர்வைசர், மீசை கழுவிய ஒரு கருநீலக் காரை வெயிலில் நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார். காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும் ஒல்லி மனிதர் அவர். காரின் முன்பக்க எஞ்சின் மூடியில் சூரியன் ஒரு சின்ன வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்தைச் சுற்றி, சிலந்தி பின்னியது போல, ஆயிரம் மெல்லிய கீறல்கள்.

"இதை யாரும் ஆணி வெச்சுக் கிழிக்கல. நாமதான். கழுவிக் கழுவி நாமதான் போட்டோம். கூரைக்குக் கீழ தெரியாது. வீட்டுக்குப் போனதும் வெயில்ல தெரியும். மீசை, உனக்கு இது ரெண்டாவது எச்சரிக்கை."

மீசை தன் ஸ்பாஞ்சைப் பார்த்தான். அவளோ காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயதானவர்களின் முழங்கைத் தோல் நினைவுக்கு வந்தது. வெங்காயத் தோலைப் போல இருக்கும். முரட்டுத் துண்டால் ஒரு இழுப்பு இழுத்தால் அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் தெரியும்.

அன்று சாயந்திரம் கணவரிடம் கேட்டாள். அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். நகக்கண்ணில் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் நிறம் இருக்கும்.

"காருக்கு நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிப்பாங்க. அதுதான் பளபளப்பு. ஒரு முடி கனம்கூட இருக்காது. ஏன், கார் வாங்கப் போறியா?"

"ஆமா, நாளைக்குக் காலையில. நீங்கதான் டிரைவர்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், ஒரு காரைக் கழுவித் துடைக்க வாய்ப்புக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுத் தன்னுடைய பழைய காரைக் காட்டினார். அதில் இனிமேல் கீறுவதற்கு இடம் இல்லை.

அவள் இரண்டு வாளி கேட்டாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். நோயாளிகளுக்கும் அப்படித்தான், இரண்டு பேசின். அழுக்குப் பட்டதை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் முக்க வேண்டும். வாளி அடியில் போட ஒரு துளைத் தட்டும் கேட்டாள், கீழே இறங்கிய மண் மேலே கிளம்பி வராமல் இருக்க. ஸ்பாஞ்சு வேண்டாம் என்றாள். அது மண்ணைத் தன் மேற்பரப்பிலேயே வைத்துக்கொண்டு தேய்க்கும். நீளமான இழை உள்ள கையுறை போதும், மண் இழைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். சட்டை பொத்தான் காரில் உரசாமல் இருக்க, ஆஸ்பத்திரியில் போட்டிருந்ததைப் போல முதுகில் முடிச்சுப் போடும் அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டாள். மோதிரமும் வளையலும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

"ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வெளியில இருங்க" என்றான் மீசை.

முதலில் தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழே, கை படாமல். தானாகப் போகிற மண்ணைத் தண்ணீரே கொண்டுபோகட்டும். பிறகு நுரை. அது ஊறி வழியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்பதைத்தான் மற்றவர்களால் தாங்க முடியவில்லை. பிறகு கையுறை, அதன் சொந்தக் கனத்தில், அழுத்தாமல். எல்லாம் முடிந்தால் துணி.

துணியில்தான் அவளுடைய வித்தை இருந்தது. மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி. ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டை முதலில் தையல் பிரித்து எடுத்துவிடுவாள், அதுவும் கீறும். துணியை மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் உள்ளங்கைக்கு அடங்கும். எட்டு மடிப்பு, முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவள் கற்ற முதல் பாடம் அது. ஒரு கண்ணைத் துடைத்த பக்கம் அடுத்த கண்ணைத் தொடக் கூடாது. பதினாறும் தீர்ந்தால் துணி அழுக்குக் கூடைக்குப் போய்விடும். வட்டம் போட மாட்டாள். முன் கண்ணாடியிலிருந்து காரின் மூக்குவரை நேராக ஒரு இழுப்பு. உதடு மட்டும் அசையும். ஒன்று, இரண்டு, மூன்று.

சூப்பர்வைசர் தன் பழைய காரை வெயிலில் வைத்துப் பார்த்தார். புதுக் கீறல் எது என்று தேடிவிட்டு, காதுப் பேனாவை எடுத்து மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அவள் துணிக் கை. மூன்று மாதம் கழித்து, கருப்பு, கருநீலம் என்று கீறல் தெரிகிற கார்கள் எல்லாம் அவள் கைக்குத்தான் வந்தன. நிமிர்ந்து நின்று செய்யும் வேலை. இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. இரவில் புரண்டு படுக்க முடிந்தது.

மீசையும் கொஞ்சம் மாறியிருந்தான். இரண்டு வாளி வைத்துக்கொண்டான், கையுறை போட்டான். வட்டம் மட்டும் போகவில்லை. "கை அதுபாட்டுக்குப் போகுதுக்கா" என்பான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பல் டாக்டர் வருவார். அவருடைய கார் கன்னங்கரேல் என்று இருக்கும். சட்டைப் பையில் பேனா அளவுக்கு ஒரு டார்ச் வைத்திருப்பார். கார் கதவைத் திறந்து அவர் உள்ளே குனிவதைப் பார்த்தால், எங்கே ஆ காட்டு என்று சொல்லிவிடுவாரோ என்று இருக்கும். அவள் துடைப்பதைப் பார்த்த பிறகு, தெரிந்தவர்கள் நாலைந்து பேரையும் அங்கே அனுப்பிவைத்தார்.

ஒரு புதன்கிழமை அவள் அந்தக் காரைத் துடைத்து முடிக்கும் நேரம். மேல் தளம், மூடி, கதவுகள் எல்லாம் ஆகிவிட்டன. கதவுக்குக் கீழே மண் அதிகம் ஒட்டும் விளிம்பில் இருந்தாள். டாக்டர் வந்து பின்னால் நின்றார்.

"எப்பவும் கேக்கணும்னு நினைப்பேன். வாய்க்குள்ளேயே என்ன முணுமுணுக்கறீங்க?"

இத்தனை மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. கிண்டல் செய்திருக்கிறார்கள், கேட்டதில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"எண்ணறேன் டாக்டர். ஒரு துணிக்குப் பதினாறு பக்கம்." சொன்னதோடு நிற்கவில்லை. துணியை முழுசாகப் பிரித்துக் காட்டினாள். மூன்று முறை மடித்தும் காட்டினாள். கண்ணைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் அவர் கையிலேயே ஒரு முறை மடித்துப் பார்த்தார். "நாங்க காலேஜ்ல அஞ்சு வருஷம் படிச்சதை நீங்க ஒரு துணியில வெச்சிருக்கீங்க" என்றார். அவளுக்குக் காதுவரை சூடானது.

அவர் திரும்பியபோது மூடியின் இடுக்கில் தங்கியிருந்த தண்ணீர் ஒரு கோடாக வழிந்தது. அது எப்போதும் நடப்பதுதான். அவரிடமிருந்து வாங்கி மறுபடி மடித்த துணியால், கண்ணாடியிலிருந்து மூக்குவரை, நேராக ஒரு இழுப்பு. அவ்வளவுதான். டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை அவர் திரும்பி வந்தார். கோபமாக இல்லை, முகம்தான் ஒரு மாதிரி இருந்தது. காரை வெயிலில் நிறுத்தி டார்ச்சை அடித்துக் காட்டினார். மூடியில் ஒரு சாண் நீளத்துக்கு நாலு மெல்லிய கீறல்கள்.

சூப்பர்வைசர் கீறலைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. திரும்பினார். "மீசை!"

ஈரக் கையோடு வந்து நின்றான் அவன்.

"மூணாவது தடவை. சனிக்கிழமையோட நின்னுக்கோ. சார், சனிக்கிழமை காலையில கொண்டு வாங்க, பாலிஷ் போட்டுக் கொடுத்துடறோம்."

மீசை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. டாக்டர் போன பிறகு சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஞாபகமே இல்லக்கா. பார்த்துத்தான் பண்ணினேன். ஆனா நானாத்தான் இருக்கும். வேற யாரு பண்ணப் போறாங்க?"

"நான்தான் தம்பி" என்று அவள் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அந்த நாலு கீறலும் நேர்க்கோடு. பக்கம் பக்கமாக, கண்ணாடியிலிருந்து மூக்கை நோக்கி. அந்தக் கூரைக்குக் கீழே நேராக இழுக்கிற கை ஒன்றுதான் உண்டு. பெருமையாகப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடித்தபோது, விளிம்பைத் துடைத்த பக்கம் மேலே வந்திருக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று மணல். எண்ணிக்கை தப்பிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை, பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே சட்டம் எளிது. சோப்புக் கைக்கு மூன்றாவது கீறலில் வீடு, துணிக் கைக்கு முதல் கீறலிலேயே சக்கரம். சக்கரம் என்றால் நாள் முழுக்கக் குத்தவைத்து, குனிந்து, பிரஷ்ஷால் கரி எடுப்பது. அவள் இடுப்புக்கு என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும்.

சாயந்திரம் கணவரிடம் சொன்னாள். அவர் டர்பென்டைன் நனைத்த துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நான் எத்தனை வீட்டுல பீரோ வரப்போற சுவர்ல ஒரே பூச்சோட விட்டிருக்கேன் தெரியுமா? யாரு பீரோவை நகர்த்திப் பார்க்கப் போறாங்க?"

"ஏங்க, உங்க பீரோவுக்குப் பின்னாடி யாரும் நிக்கலையே. இங்க அவன் நிக்கறான்."

அவர் கொஞ்ச நேரம் விரலையே துடைத்தார். சாயம் எப்போதோ போயிருந்தது. "உன் இடுப்பு தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசரின் மேஜைக்குப் போய்ச் சொன்னாள். அவர் காதுப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நர்ஸம்மா, உங்களுக்கு மனசு கேக்கல, அதான் இப்படிச் சொல்றீங்க."

"மனசு இல்லங்க, கோடு. வந்து பாருங்க, நேரா இருக்கு. அவன் போட்டிருந்தா வட்டமா இருக்கும்."

"கோடு நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன? உங்க கையைப் பார்த்துத்தான் டாக்டர் ஆள் அனுப்பறார். நீங்க கீறிட்டீங்கன்னு நான் அவர்கிட்ட சொல்லவா? மீசை போனா இன்னொரு மீசை வருவான். போய் வேலையைப் பாருங்க."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அன்று நாலு கார். ஒவ்வொன்றையும் துடைக்கும்போது எண் தப்பியது. தப்பும்போதெல்லாம் புதுத் துணி எடுத்தாள். சாயந்திரம் அழுக்குக் கூடையில் இடமே இல்லை.

சனிக்கிழமை மீசை தன் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான், எடுத்துப் போக. டாக்டரின் கார் வந்து வெயிலில் நின்றது. சூப்பர்வைசர் பாலிஷ் இயந்திரத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

"டாக்டர், அந்த டார்ச்சைக் கொஞ்சம் குடுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு சாம்பல் நிறக் காரில் முதலில் அடித்தாள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக எழும்பியது வலை. "இது மீசையோட கை." பிறகு கருப்பு மூடியில் அடித்தாள். நாலு நேர்க்கோடு. "இது என் கை. அன்னைக்கு உங்ககிட்ட துணியைப் பிரிச்சுக் காட்டினேன் பாருங்க, மறுபடி மடிக்கும்போது அழுக்குப் பக்கம் மேல வந்துடுச்சு. அதாலதான் இழுத்துட்டேன்."

சூப்பர்வைசர் வயரைப் பிடித்தபடியே நின்றார். டாக்டர் குனிந்து கீறலைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான் கேட்டதாலயா?"

"நீங்க கேட்டது தப்பில்ல டாக்டர். காட்டணும்னு எனக்குத்தான் ஆசையா இருந்துச்சு."

அவர் டார்ச்சை வாங்கி அணைத்தார். "நான் தினமும் நோயாளி வாயில கையை விட்டுக்கிட்டு ஊர்க்கதை கேப்பேன். பதில் சொல்ல முடியாம முழிப்பாங்க. இங்கயும் அதே பழக்கம்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு முழுசாக வரவில்லை. "இந்தக் கோட்டை எடுக்க என்ன பண்ணுவீங்க?"

"சுத்தி இருக்கிற பூச்சையும் அதே ஆழத்துக்குச் சீவி எடுக்கணும். கோடு போகும், மேல்தோலும் மெலிஞ்சு போகும்."

"நாலு கோட்டுக்காகவா? வேண்டாம், அப்படியே இருக்கட்டும். சின்னக் கீறலுக்கெல்லாம் நாங்க பல்லைத் தேய்ச்சு எடுக்கறதில்ல."

கார் போன பிறகும் மீசை இருந்த இடத்திலேயே நின்றான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவன் முகம் அப்படி இருக்கும் என்றும் நினைக்கவில்லை.

"வியாழக்கிழமையே தெரியுமாக்கா உங்களுக்கு?"

"தெரியும்."

"ரெண்டு நாள். ரெண்டு நாளா வீட்டுல யார் முகத்தையும் பார்க்க முடியாம, என் கையை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். நான்தான் பண்ணினேன்னு நம்பிட்டேன்க்கா."

"ஆமா" என்றாள். வேறு எதைச் சொன்னாலும் அது அவளுக்காகச் சொன்னதாகவே இருக்கும்.

மீசை கவிழ்த்து வைத்த பூட்ஸை நிமிர்த்திக் காலில் மாட்டிக்கொண்டான். ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை.

சட்டம் சட்டம்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவளுக்குச் சக்கரம். முதல் இரண்டு நாள் சாயந்திரம் கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினாள். மூன்றாம் நாள் அவர் வேலையிடத்திலிருந்து ஒரு பெரிய பெயிண்ட் வாளியைக் கொண்டுவந்து, மூடிக்கு மேல் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். சக்கரத்துக்கு நேராகக் குனியாமல் உட்கார அது சரியான உயரம். "பீரோவுக்குப் பின்னாடி அடிச்ச பெயிண்ட்டோட வாளி" என்றார். "இந்த தடவை ரெண்டு பூச்சு."

கருப்புக் கார்களின் துணி மீசைக்குப் போனது. எட்டாவது நாள் அவன் தானாக வந்து அவள் வாளிக்குப் பக்கத்தில் குந்தினான். "அக்கா, மூணு மடிப்பா, நாலா?" என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவள் தன் மடியில் இருந்த துணியை மடித்துக் காட்டவில்லை. "மூணு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது மீசை அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உதட்டுக்குள் எண்ண வராது, தெருமுனைவரை கேட்கும்படிதான் எண்ணுவான். டாக்டர் பக்கத்தில் போய் நின்று, "என்ன மீசை, கை நேராயிடுச்சா?" என்றார்.

மீசை திரும்பவில்லை. இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தினான், பொறுங்கள் என்று. "பதினொண்ணு… பன்னெண்டு…"

டாக்டர் வாயை மூடிக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருக்கும் நோயாளியைப் போல நின்றார். மூடியில் அந்த நாலு கோடும் வெயிலில் தெரிந்தன. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வாளியில் உட்கார்ந்திருந்தவளின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவன் பதினாறு என்று சொல்லித் துணியைக் கூடையில் போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தாள்.